வாடிப்பட்டி ராசாத்தியைப் படம் பிடிக்கப் போனேன்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. மதுரை ஸ்டேஷனில் திண்டுக்கல் பாசஞ்சருக்காக நின்றுகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை, பைக்குள் என் கேமரா. பெட்டிக் கேமரா என்பார்கள். உண்மையிலேயே அது பெட்டிதான். கறுப்புத் தாள் ஒட்டிய அட்டை, முன்னால் ஒரு கண்ணாடிக் கண், பக்கவாட்டில் தட்டி விட ஒரு விசை, முதுகில் எத்தனையாவது படம் என்று காட்டும் சிவப்புத் துவாரம். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு மில் துரையின் சமையல்காரரிடம் ஒன்பது ரூபாய்க்கு வாங்கினேன். அன்றைக்கு என் மனைவி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒன்பது ரூபாய்க்கு டப்பாவா? புளியாவது போட்டு வைக்கலாமா?" என்று கேட்டாள். நான் டிராயிங் வாத்தியார். எனக்குக் கோபம் வந்தால் பென்சில் சீவுவேன். அன்று வீட்டிலிருந்த பென்சில் அத்தனையும் சீவியாயிற்று.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோச்சடைக்குக் கத்திரிக்காய் கொண்டுவந்து விற்கிற கருப்பையா வாடிப்பட்டிப் பக்கத்தில் பயிர் வைக்கிற சம்சாரி. அவர் மகள் பேச்சிக்குத் தை மாதம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குக் கண்டியில் பலசரக்குக் கடை. அவர் முன்னால் போய்விட்டார், பேச்சி இந்த வாரம் கப்பல் ஏறுகிறாள். ஆனால் அவள் குட்டியிலிருந்து பாலூற்றி வளர்த்த வேட்டை நாய் ராசாத்தியால் கப்பல் ஏற முடியாது.

"பிள்ளைக்கு மூணு நாளாச் சோறு எறங்கலை வாத்தியாரே. ஒங்க பெட்டியில ராசாத்தியைப் பிடிச்சுக் குடுத்தா கையோட கொண்டுக்கிட்டுப் போவா. ஆனா ஒண்ணு, ஓடுற மாதிரி வேணுமாம்" என்றார் கருப்பையா.

"பேஷாகப் பிடிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை. மறுநாள் சுருள் வாங்கப் போனபோது ஸ்டூடியோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "சார், இந்தப் பெட்டியில் ஓடுகிற எதுவும் விழாது. கோபுரம், தூண், மாமனார், இப்படி அசையாததாகப் பார்த்துப் பிடியுங்கள்" என்றார். அதைக் கேட்டபிறகும் புறப்பட்டேன் என்றால் என் பிடிவாதத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி தூரத்தில் தெரிந்தது. புகை மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்பதுபோல இருந்தது. பிறகு திடீரென்று தடதடவென எங்களைத் தாண்டிப் போய் நின்றது. மூன்றாம் வகுப்பில் ஏறினேன். பதினேழு மைல், டிக்கெட் நாலணா. எதிரே உட்கார்ந்திருந்த வெற்றிலை வியாபாரி என் பையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அய்யா, அது ஆர்மோனியமா?"

"இல்லை. படம் பிடிக்கிற பெட்டி."

"பாடாதா?"

"பாடாது."

"அப்புறம் எதுக்கு அம்புட்டுப் பத்திரமாப் பிடிச்சிருக்கீக?" என்றவர் சோழவந்தானில் இறங்கிப் போனார். ஜன்னலுக்கு வெளியே வெற்றிலைக் கொடிக்கால்களும் தென்னந்தோப்புகளும் பச்சையாக ஓடின. நான் ஸ்டூடியோக்காரர் சிரித்த சிரிப்பையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வாடிப்பட்டி ஸ்டேஷனில் கருப்பையாவின் மைத்துனர் சின்னச்சாமி மாட்டுவண்டியோடு காத்திருந்தார். அவரும் நாய் வைத்திருக்கிறவர். "வாங்க வாத்தியாரே! மச்சான் நாயை மட்டும் பிடிச்சா எப்படி, எங்க செவலையை என்ன பாவம் பண்ணுச்சுன்னு விடுறீக?" என்று ஏறும்போதே வம்புக்கு இழுத்தார். சிறுமலை எங்கள் முன்னால் நீலமாக நின்றது. மூன்று மைல் மண்பாதை. சின்னச்சாமி வாய் ஓயவே இல்லை.

எட்டு மணிக்கு ஊருக்குள் நுழைந்தால் ஊரே குளித்துத் தலைவாரிக் காத்திருக்கிறது! நாட்டாமை சலவை வேட்டியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரைப் பிடித்தேன். அவர் காளையைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். நாட்டாமையின் பங்காளிக்கு முகம் சுருங்கியது, அவரையும் பிடித்தேன். சின்னச்சாமி செவலையைக் கொண்டுவந்து நிறுத்தினார். மறுக்க முடியுமா? நாலு படம் போயே போய்விட்டது. சிவப்புத் துவாரத்தில் ஐந்து தெரிந்தது.

அப்போதுதான் பேச்சி ராசாத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அடடா! கன்னி நாய் என்று சொல்லுகிற சாதி. கறுகறுவென்ற உடம்பு, கண்ணுக்கு மேலே தவிட்டு நிறத்தில் இரண்டு பொட்டு, ஊசி மூக்கு, ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற இடுப்பு. எத்தனையோ வருஷம் படம் போடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமான கோட்டைப் பார்த்ததில்லை.

"அய்யா, நிக்கிற மாதிரி பிடிச்சிராதீக" என்றாள் பேச்சி. "நின்னா அது ஆரு வீட்டு நாயோ. ஓடுனாத்தான் இவ."

ஒன்பது மணிக்கு, கடலை பிடுங்கிய காட்டுக்கு முயல் வேட்டைக்காகப் போனோம். வேட்டைக்குப் பெண்கள் வருவதில்லை. கப்பல் ஏறப் போகிற பிள்ளை என்று பேச்சிக்கு மட்டும் அன்றைக்குச் சலுகை. ஆட்கள் வரிசையாகப் பரவிச் செடிகளைத் தட்டிக்கொண்டு போவார்கள். நாய்காரர் கழுத்துப் பட்டைக்குள் துண்டை நுழைத்து இரண்டு முனையையும் பிடித்திருப்பார். முயல் எழும்பியதும் ஒரு முனையை விட்டால் துண்டு உருவிக்கொள்ளும், நாய் பறக்கும். பிடித்த நாய்க்குக் கறியில் தனிப் பங்கு உண்டு. இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. முயலின் பின்னால் ஓடுகிற நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. கூப்பிடுவது நாய்காரருக்குக் கேவலம், ஊருக்குப் பட்டினி.

"தும்முனாக் கூட வாயைப் பொத்திக்கிட்டுத் தும்முங்க" என்று கருப்பையா எனக்குத் தனியாகச் சொல்லி வைத்தார்.

முதலில் ஒத்திகை பார்த்தோம். சின்னச்சாமி ஒரு கோடியில் நாயை விட, கருப்பையா மறுகோடியில் நின்று விசிலடித்தார். என் பெட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு மேலிருக்கும் சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்க்கவேண்டும். அதில் இடம் வலமாகத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ராசாத்தி வலப்பக்கம் பறந்ததும், கண்ணாடியில் இடப்பக்கம் போவதைப் பார்த்து நான் இடப்பக்கம் திரும்பிவிட்டேன். விழுந்தது வெறும் காடு. இரண்டாவது ஒத்திகையில் சரியான பக்கம்தான் திரும்பினேன். அதற்குள் நாய் எங்கேயோ, நான் எங்கேயோ. மறுபடியும் விழுந்தது காடுதான். பிறகு நிஜமாகவே ஒரு முயல் எழும்பியது. ராசாத்தி அதை விரட்டி என்னைக் கடந்து போனபோது விசையைத் தட்டினேன். கண்ணாடி முழுக்கப் புழுதி. முயலும் முள்வேலிக்குள் புகுந்துகொண்டது.

துவாரத்தில் எட்டு. கடைசிப் படம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரப்பில் நின்றேன். பக்கத்தில் பேச்சி. அவள் என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் காலையில் பார்த்த ரயில் ஞாபகம் வந்தது.

"பேச்சி, குறுக்கே ஓடினால் இந்தப் பெட்டிக்கு எட்டாது. நம்மைப் பார்த்து நேரே வந்தால் விழும். தூரத்து ரயில் நிற்கிற மாதிரி தெரியும் பார், அந்த மாதிரி" என்றேன்.

அவள் "ம்" என்றாள். அவ்வளவுதான்.

"ஊய்!" என்று வரிசை முழுக்கக் கத்தியது. இன்னொரு முயல்! நல்ல கொழுத்த முயல். துண்டு உருவியது. ராசாத்தி எங்களுக்கு எதிர்த்திசையில் அம்பாகப் போனாள். நாலு பாய்ச்சலில் நெருங்கிவிட்டாள். முயல் வளைந்தது, அவளும் வளைந்தாள். வாய்க்கும் வாலுக்கும் ஒரு சாண்தான்.

பேச்சி இரண்டு கையையும் வாயில் குவித்தாள். "ராசாத்தீ! வாடீ!"

காடே உறைந்து நின்றது. கருப்பையாவின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. ராசாத்தி மண்ணைக் கிளப்பிக்கொண்டு திரும்பினாள். முயலை விட்டுவிட்டு எங்களைப் பார்த்து நேரே வந்தாள். மடங்கின காது, திறந்த வாய், நாலு காலும் ஆகாயத்தில்! மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணாடியில் அவள் முகம் பெரிதாகும்வரை காத்திருந்து தட்டினேன். அடுத்த நொடி அவள் பேச்சியின் மேல் பாய, இரண்டு பேரும் வரப்பிலிருந்து உருண்டார்கள். பேச்சி சிரித்தாளா, அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

"பாவி மகளே! வாய்க்கு வந்த முயலைக் கெடுத்திட்டியே!" என்று ஓடி வந்தார் கருப்பையா. "இனிமே எந்த மூஞ்சியோட நான் வேட்டைக்கு வாரது?"

சின்னச்சாமிக்குக் கேட்கவா வேண்டும்? "மச்சான், ஒங்க வீட்டுல வேட்டை நாயா வளக்குறீக? கூப்பிட்டா ஓடியார கோழியில்ல வளக்குறீக!"

மத்தியானம் ஊருக்கே கத்திரிக்காய்க் குழம்பு. நான் சைவம். என் ஒருத்தனுக்காகச் செய்திருந்த குழம்பில் தண்ணீர் விட்டுப் பெருக்கி எல்லாருக்கும் ஊற்றினார்கள். "வாத்தியார் வந்தாரு, ஊரைச் சைவமாக்கிட்டாரு" என்று நாட்டாமை சொல்ல, பந்தியே சிரித்தது. கருப்பையா மட்டும் தலை நிமிரவில்லை. முயலும் போயிற்று, அவர் மானமும் போயிற்று. இந்தப் படமும் விழாவிட்டால் அந்தப் பெண் எதைக் கொண்டுபோவாள்?

மறுநாள் ஸ்டூடியோவில் இருட்டறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டூடியோக்காரர் ஈரத் தாள்களோடு வந்தார். நாட்டாமை அமர்க்களமாக விழுந்திருந்தார். காளைக்குத் தலை இல்லை. அப்புறம் காடு, காடு, புழுதி. கடைசித் தாளை அவர் என்னிடம் கொடுக்காமல் தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், இதை அந்த ஒன்பது ரூபாய்ப் பெட்டியிலா எடுத்தீர்கள்?"

"ஆமாம், புளி டப்பாவில்தான்" என்றேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, கேமராவை எடுத்துத் துடைத்துப் பீரோவில் வைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மதுரை ஸ்டேஷனில், கப்பலுக்குத் தனுஷ்கோடி போகும் வண்டியில் பேச்சியை ஏற்ற வந்திருந்தார்கள். கருப்பையா பிளாட்பாரத்தில் ஒரு மூட்டையின் மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகப் படத்தைக் கொடுத்தேன். பின்னங்கால் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. முகமும் கண்ணும் தெளிவு.

பேச்சி பார்த்தாள். அவளை அறியாமல் ஒரு கை முன்னால் நீண்டது. "என்னையப் பாத்துத்தான் வாரா, அய்யா" என்றாள். "எப்பப் பாத்தாலும் வந்துக்கிட்டே இருப்பா."

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். பக்கத்து ஸீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அருமையான நாயா இருக்கே, என்ன சாதி?" என்று கேட்டார்.

மூட்டையிலிருந்து கருப்பையா எழுந்து வந்தார். மகள் கையிலிருந்த படத்தை முதல்முறையாகப் பார்த்தார். "கன்னி நாய்ங்க" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரயில் பெட்டி முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: "வாய்க்கு எட்டுன முயலை விட்டுட்டு வாரா, பாத்துக்கோங்க. எம்மக ஒரு சத்தம் குடுத்தா!"

வண்டி நகர்ந்தது. பேச்சி படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஜன்னலில் இருந்தாள். கடைசிப் பெட்டி மறைகிறவரை நானும் அவள் அப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு கருப்பையா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, இதே மாதிரி இன்னொண்ணு போட முடியுமா? நல்லாப் பெருசா."

"வீட்டில் மாட்டவா?"

"எங்க வீட்டுல எதுக்கு? சின்னச்சாமி வீட்டுல. வாசலுக்கு நேர் எதுத்தாப்புல."