அனுப்பாத கேமரா

மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் கல்யாணம் என்றால், பெண்கள் பக்கத்து வாசலில் ஒரு துணிப்பை தொங்கும். உள்ளே போகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். உள்ளே நாங்கள் முக்காடு இல்லாமல், தலை நிறையப் பூவோடு, பாடிக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் இருப்போம். அந்தப் படம் வெளியே போய்விடக் கூடாது. கேமராவோடு உள்ளே போக உரிமை உள்ள ஒரே ஆள் ஹமீது பீவி. வயது நாற்பத்தெட்டு. சின்னவர்கள் எல்லாரும் அவளை லாத்தா என்போம். அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

பகலெல்லாம் தையல் மெஷின், சாயங்காலம் கேமரா என்று ஓடுகிறவள். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. புது மெமரி கார்டை உறை பிரிக்காமல் கொண்டுவருவாள். கல்யாணப் பெண்ணின் உம்மா முன்னால் பிரித்து, பிஸ்மி சொல்லி, கேமராவில் போடுவாள். விருந்து முடிந்ததும் கழற்றி அதே உம்மா கையில் கொடுத்துவிடுவாள். அப்புறம் அவளிடம் ஒரு படமும் இருக்காது. பதினாறு வருடமாக இப்படித்தான். அந்த நம்பிக்கை ஒருநாள் கெட்டுப்போனால், எந்த வாசலும் அவளை உள்ளே விடாது.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் பன்னீர் தெளித்த புண்ணியவதி ஒருத்தி கேமராவையும் சேர்த்துக் குளிப்பாட்டிவிட்டாள். வெளியே நீட்டிய லென்ஸ் உள்ளே போகமாட்டேன் என்று நின்றுவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமையோ அஸ்ஃபியாவின் மகள் மர்வாவுக்கு மருதாணி விருந்து. மொட்டை மாடியில், சீரியல் லைட் வெளிச்சத்தில். லாத்தா என்னை இழுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் பஸ் ஏறினாள். நான் பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். அதனால் எனக்கு எல்லா மெஷினும் அத்துப்படி என்று அவளுக்கு நினைப்பு. நானும் அதைக் கெடுத்துக்கொண்டதில்லை.

கடையில் ஷிபின் என்ற பையன் நின்றான். கையடக்கக் கேமராக்களை வரிசையாக எடுத்து வைத்தான்.

"மெகாபிக்சலப் பாக்காதீங்கக்கா. அது சும்மா பேருக்கு. உள்ள இருக்க சென்சார் பெருசா இருக்கணும், லென்ஸ் வாய் அகலமா இருக்கணும். அப்பத்தான் இருட்டுல வெளிச்சத்த அள்ளும்."

"சொன்னா நம்ப மாட்டேன் தம்பி. லைட்ட அணைங்க" என்றாள் லாத்தா.

மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டு அறையில் என்னைக் கறுப்பு புர்காவோடு நிறுத்தினாள். மருதாணிக் கையை நீட்டச் சொன்னாள். முதல் கேமராவில் என் முகம் ரவை கொட்டியதுபோல் புள்ளிபுள்ளியாக இருந்தது. இரண்டாவதில் கையை லேசாக ஆட்டினேன். எனக்கு எட்டுக் கை முளைத்தது. மூன்றாவதில் புர்காவின் கறுப்பு நூல் வேலைகூடத் தனியாகத் தெரிந்தது. ஷிபினுக்கு வாயெல்லாம் பல்.

"இதுல வைஃபை இருக்குக்கா. எடுத்த நிமிசமே படம் போனுக்குப் போயிரும்."

லாத்தா சுட்டதுபோல் அதைக் கீழே வைத்துவிட்டாள். "போவாத கேமரா இருக்கா?"

"போவாததா?"

"எங்கனயும் போவக்கூடாது. நான் எடுத்தது அந்த கார்டுலதான் கிடக்கணும்."

பாவம், அந்தப் பையன் இத்தனை நாளும் நேர் எதிராகத்தான் பேசிப் பழகியிருப்பான். தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போய், தூசி தட்டி ஒரு பழைய மாடலைக் கொண்டுவந்தான். காலேஜ் பிள்ளைகள் இப்போது இந்த மாதிரிப் பழசைத்தான் தேடி வருகிறார்களாம். இருட்டில் அதுவும் பிரமாதமாக எடுத்தது. வைஃபை, புளூடூத், ஒன்றும் கிடையாது. லாத்தா அதைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டாள். கூட வந்த சின்னப் புத்தகத்தை, நான் படித்துச் சொல்கிறேன் என்று பெரிய மனுஷிபோல் வாங்கிப் பையில் வைத்தேன். படிக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை லாத்தா சீக்கிரமே வந்துவிட்டாள். மாடியில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க, கார்டு போடாமலே நாலைந்து தடவை அழுத்தினாள். மர்வாவுக்கு அஸ்ஃபியா பூ வைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பக்கமும் திருப்பி ஐந்தாறு தடவை அழுத்தினாள். பன்னீரில் நனைந்துபோன அவளுடைய பழைய கேமரா, கார்டு இல்லாவிட்டால் வேலையே செய்யாது. இது ஏதோ திரையில் காட்டிவிட்டு மறந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அஸ்ஃபியாவைக் கூப்பிட்டு, உறையைப் பிரித்து, பிஸ்மி சொல்லிக் கார்டைப் போட்டாள். பிளாஷ் கண்ணைக் குத்தாமல் இருக்க அதன்மேல் வெள்ளை டிஷ்யூவை ஒட்டிக்கொண்டு, முந்நூறு படம் எடுத்தாள். கார்டைக் கொடுத்தாள். நெய்ச்சோறு சாப்பிட்டாள். வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டிலிருந்து அவள் குரல் கேட்டு ஓடினேன். அவளுடைய மகன் யாசர் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தான். புதுக் கேமராவாயிற்றே என்று சார்ஜ் போட எடுத்திருக்கிறான்.

"கார்டே இல்ல, எப்படி உம்மா இதுல படம் இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி நின்றான். கேமரா மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

கேமராவுக்குள்ளேயே கொஞ்சம் இடம் இருந்திருக்கிறது. கார்டு போடும்வரை எடுத்த பதினொரு படமும் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தன. முக்காடு இல்லாத மர்வாவை ஓர் ஆண்பிள்ளை பார்த்துவிட்டான்.

"அழிச்சிருவோம் லாத்தா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். சொன்னது நான்தான், மறைக்கவில்லை.

லாத்தா கேமராவை எடுத்துப் பையில் போட்டாள். புர்காவை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். அதற்கு மறுநாள் நிக்காஹ். கல்யாண வீட்டில் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று நானும் கூடவே ஏறி, வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

அஸ்ஃபியாவைத் தனியறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஒன்றுவிடாமல் சொன்னாள். யாசர் பார்த்ததையும் சொன்னாள். அஸ்ஃபியாவின் முகம் இறுகிவிட்டது. கேமராவை வாங்கி, எப்படி அழிப்பது என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொன்றாக அழித்தாள். வெறும் லைட், வெறும் சுவர், மர்வாவின் முதுகு. பத்துப் படம் போயிற்று. கடைசிப் படத்தில் அவள் விரல் நின்றது.

அதில் அஸ்ஃபியா பூ வைத்துக்கொண்டிருக்க, மர்வா தலையைப் பின்னால் சாய்த்து உம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி முந்நூறு படமும் பாத்துட்டேன். எல்லாத்துலயும் பல்லக் காட்டுதா. இதுலதான் சிரிக்கா" என்றாள் அஸ்ஃபியா. கண் கலங்கிவிட்டது. "யாசர் பாத்தது எது?"

"இதுதான்" என்றாள் லாத்தா.

அஸ்ஃபியா கேமராவை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியாதுன்னுதான் ஓடி வந்தேன் அஸ்ஃபியா."

அஸ்ஃபியா எழுந்து பீரோவைத் திறந்து கார்டை எடுத்து வந்தாள். அந்த ஒரு படத்தை மட்டும் அதற்கு மாற்றச் சொன்னாள். நான் தட்டுத் தடுமாறி மாற்றினேன். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று மூன்று பேரும் பார்த்தோம். அவள் கார்டைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

லாத்தா முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். கேமராவை எடுக்கவில்லை. "இது இங்கனயே இருக்கட்டும். எவள வேணும்னாலும் எடுக்கச் சொல்லு. நான் வருதேன்" என்று கதவை நோக்கி நடந்தாள்.

அஸ்ஃபியா பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்து, கேமராவை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"நாளைக்கு நிக்காஹ்வ வச்சிக்கிட்டு, இத இங்கன போட்டுட்டுப் போனா, நாளைக்கு வந்து வெறுங்கையாலயா படம் எடுப்பிய?"