எஞ்சின் பூட்டிய பாண் சைக்கிள்

மாத்தளைக் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்த பதுர்தீன் நானாவுக்கு உலகத்தில் ஓர் எதிரி இருந்ததென்றால், அது பஸ்தான். ஏறி உட்கார்ந்து ஒரு வளைவு திரும்பினால் போதும், மனுசனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். ரயிலும் அதே கதை. சைக்கிளில் மட்டும், முகத்தில் காற்று அடிப்பதாலோ என்னவோ, ஒரு கோளாறும் வராது.

மகள் ஸரீனாவை எழுபது மைலுக்கு அப்பாலுள்ள கந்தளாயில் கட்டிக்கொடுக்கும் வரைக்கும் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது. கல்யாணம் மாத்தளையில் முடிந்து, மகளை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விடப் புறப்பட்ட பஸ்ஸில் நானாவும் ஏறினார். நாவுல என்ற ஊர் வருமுன்னே ஆள் கந்தல். நடுவழியில் இறங்கி வீடு திரும்பிவிட்டார். கட்டில், அலுமாரி, பலகாரம் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. மகள் வழியெல்லாம் ஜன்னலால் பின்னுக்கே பார்த்துக்கொண்டு போனாளாம். மனைவி றாபியா வந்து அதைச் சொன்னபோது நானாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஸரீனா உண்டானாள். முதல் பிள்ளைக்குத் தாய்வீடு வரவேண்டியவளை, பயணம் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். றாபியாதான் அங்கே போனாள். பிள்ளை பிறந்த ஏழாம் நாள் முடியிறக்கிப் பெயர் வைப்பார்கள். "பேரை வாப்பாதான் வைக்கணும்" என்று மகள் சொல்லியனுப்பியிருந்தாள்.

"இந்தத் தடவையும் போகல்லன்னா நான் என்ன தகப்பன்?" என்று பொருமிக்கொண்டு, இரத்தோட்டைத் தேயிலை பெக்டரியில் எஞ்சின் வேலை பார்த்த முத்துவீரனிடம் போனார். "அவ்வளவு தூரம் மிதிக்க ஏலாது. சைக்கிளுக்கு எஞ்சின் பூட்டித் தருவீங்களா?"

கண்டியில் இரண்டு பழைய எஞ்சின்கள் விலைக்கு இருந்தன. நானாவுக்குப் பளபளவென்று இருந்த ஒன்றின்மேல் கண். முத்துவீரன் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார்.

"அது முன் டயரை உரசி உருட்டுற சாதி, நானா. நம்ம மழைக்கு வழுக்கும். மத்தது செயினால பின் சக்கரத்தை இழுக்கும். பார்க்க அசிங்கம்தான், அதையே எடுங்க."

எஞ்சினைத் தாங்கக்கூடிய சைக்கிளுக்கு அலைந்து, கடைசியில் பெட்டி வைத்துப் பேக்கரிப் பாண் விற்ற ஒருவரிடம் ஒன்று அகப்பட்டது. தடித்த சட்டம், எமகாதகக் கெரியர். முத்துவீரன் எஞ்சினைப் பூட்டினார்; நானா ஸீட்டுக்குப் பஞ்சு வைத்து உறை தைத்தார். பிறகு தெருவெல்லாம் "நாங்க செஞ்ச வண்டி" என்று பெருமையடித்ததும் அவரேதான். சும்மா சொல்லக்கூடாது, ஓடியது. கடைத்தெரு நாய்கள் அத்தனையும் பின்னால் ஓடின.

"பின் சக்கரத்துக் கம்பியெல்லாம் பழசு" என்று முத்துவீரன் எச்சரித்தார். "நீங்க மட்டும் போங்க. மூட்டை கீட்டை ஏத்திடாதீங்க."

ஆண் பிள்ளை பிறந்த சேதி லொறிக்காரர் ஒருவர் வழியாக வந்தது. நானா புறப்பட்ட அன்று அவருடைய மூத்த சகோதரி ஸைனம்பு ராத்தா பெட்டிகளோடு வந்து நின்றார்.

"சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட போற ஆக்களா நாங்க?"

தேங்காய்ப்பாலில் கிளறிய தொதல், சாதிக்காய், மிளகு, போதாததற்கு ஒரு முழுப் பலாப்பழம். நானாவும் எல்லாவற்றையும் கெரியரில் ஏற்றிக் கட்டினார். அவருக்கும் அதுதானே மரியாதை.

இரவு தம்புள்ளையில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, ஏழாம் நாள் காலையில் ஹபரணை தாண்டினார். இரண்டு பக்கமும் காடு. டிங் என்று ஒரு சத்தம், பின்னால் இன்னொன்று. கம்பிகள் அறுந்து, சக்கரம் கோணிச் சட்டத்தில் உரசி நின்றுவிட்டது.

"யா அல்லாஹ், இன்னைக்கு மட்டும் வேணாம்" என்று வாய்விட்டே அழுதார்.

தள்ளிக்கொண்டு போனதில் ஒரு தேத்தண்ணீர்க் கடை வந்தது. மூட்டைகளை இறக்கிப் பார்த்தார். அறுந்த கம்பிகளைச் சுருட்டிக் கட்டி, மற்றவற்றை முறுக்கியதும் சக்கரம் ஒருவாறு சுற்றியது. ஆனால் ஆளை மட்டும்தான் தாங்கும். தொதல் பெட்டியை மறுபடி கெரியரில் வைத்து, மறுபடி இறக்கினார். சம்பந்தி என்ன நினைப்பார், ஊர் என்ன பேசும்! பிறகு, "பிள்ளைகளுக்குக் குடுங்க" என்று கடைக்காரரிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு எஞ்சினை முடுக்கினார்.

கந்தளாயில் சபை கூடிக் காத்திருந்தது. சம்பந்தி வாசலுக்கு வந்தார். நானா வெறும் கெரியரைக் காட்டி, கூனிக்குறுகி, "வழியில சாமானெல்லாம்..." என்று இழுத்தார். அதற்குள் ஸரீனா பிள்ளையோடு அறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அன்னைக்குச் சாமான் எல்லாம் வந்து சேர்ந்துச்சு வாப்பா. நீங்கதான் வரல்ல."

நானா பிள்ளையை வாங்கக் கை நீட்டியவர், பாதியில் இழுத்துக்கொண்டார்.

"கையெல்லாம் கிரீஸ், மகள். கழுவிட்டு வாறேன்."

"அதெல்லாம் பொறகு" என்று சொல்லி, அவள் பிள்ளையை அந்தக் கைகளிலேயே வைத்தாள்.