விரல் எடுக்காத கண்ணாடி

ரேஷன் கடையில் எங்கள் வீட்டுக்கு விரல் வைப்பது என் மனைவி. என் விரலை அந்த மெஷின் எடுக்காது. நான் கொத்தனார். முப்பது வருஷமாக சிமெண்டில் கை. ரேகை தேய்ந்துவிட்டது. நுனித்தோல் செருப்புத் தோல் மாதிரி தடித்துப்போய் இருக்கும். எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை, போன வருஷம் வரைக்கும்.

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். ஆனால் புத்தகம் படிப்பேன். கல்வராயன் மலையில் வீடு கட்டும் வேலை எனக்குத் தொடர்ந்து இருக்கிறது. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினால் சனிக்கிழமை மத்தியானம்தான் இறங்குவேன். மலையில் சாயந்திரம் அஞ்சு மணிக்குமேல் ஒன்றும் இல்லை. போனில் சிக்னல் வராது. கூட வேலை செய்கிறவர்கள் சீட்டாடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. கள்ளக்குறிச்சி நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து, சிமெண்ட் சாக்கில் சுற்றிக் கொண்டுபோவேன். கதையோ, யாராவது ஊர் சுற்றியதோ, எது கிடைத்தாலும் சரி. பக்கம் புரட்ட எச்சில் தொடமாட்டேன். சிமெண்ட் கை நாக்கில் பட்டால் எரியும். காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து அதன் முனையால் தள்ளுவேன்.

அப்புறம் கண் போனது. இடது கண்ணில் ஓரம் கறுத்துக்கொண்டே வந்தது. வேலை இருந்ததால் பார்க்காமல் விட்டேன். கண் முகாமில் டாக்டர் அம்மா பார்த்துவிட்டு, இடது கண்ணில் போனது போனதுதான், வலது கண்ணுக்குத் தினமும் சொட்டு மருந்து விடுங்கள் என்றார். கண்ணாடியும் கொடுத்தார்கள். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பார்க்கும்போது எப்படியும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்போம். அதனால் வேலைக்குப் பழுதில்லை. படிப்புதான் நின்றது. நூலகப் புத்தகத்தின் எழுத்து கண்ணாடி போட்டும் பிடிபடவில்லை. ரெண்டு பக்கத்தில் தலைவலி வந்துவிடும்.

எட்டு மாசம் புத்தகம் எடுக்கவில்லை. சாயந்திரம் நான் கட்டிய சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் போனில் சொன்னாள், புத்தகம் படிப்பதற்கென்றே ஒரு மெஷின் இருக்கிறது, எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிசாக்கிக்கொள்ளலாம் என்று. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் செல்போன் கடை வைத்திருக்கிறார். அவர் கடைக்குத் தரை போட்டது நான். போய்க் கேட்டேன்.

"பாய், புஸ்தகம் படிக்கிற மெஷினு இருக்குதா?"

"மேஸ்திரிக்கு எதுக்கு? பிளான் பாக்கவா?"

"கதை படிக்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அலமாரியில் துழாவி ஒன்றை எடுத்தார். "ஒரு வாத்தியாரு இதக் குடுத்துட்டு போன் வாங்கிக்கினு போனாரு. பழசு. லைட்டு கெடையாது. கடையில வெச்சி ஒரு வருசம் ஆவுது, யாரும் சீந்தல."

கறுப்பாக, சிலேட்டு மாதிரி இருந்தது. சுற்றிலும் சட்டம். ஜன்னல் சட்டத்துக்குள் கண்ணாடி அமுங்கியிருப்பது போல, திரை உள்ளே தள்ளியிருந்தது. பாய் ஏதோ கதையைத் திறந்து எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தார். படித்தேன். தொட்டேன். திரை ஒருதரம் கறுத்து அடுத்த பக்கம் வந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் நாலு பக்கம் நின்றபடியே படித்தேன்.

மகளிடம் சொன்னேன், இது போதும் என்று.

"அதுலாம் வேணாம்பா. நான் பாத்து வெச்சிருக்கறது பெருசு. வெளிச்சம் மஞ்சளா வரும், கண்ணு கூசாது. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது."

"வெல ஜாஸ்தியா இருக்கும். எனக்கு இது போதும்மா."

"நீ எல்லாத்துக்கும் போதும்பே. கண்ண அப்பிடிப் போதும்னு வுட்டுட்டுத்தான் இப்ப இந்த நெலம."

போனை மனைவியிடம் கொடுத்தேன்.

மனைவி அவளிடம் பேசிவிட்டு என்னிடம் சொன்னாள். "கொத்தனாரு வூட்டுச் சொவத்துல செங்கல்லு தெரியுது. அதுக்குப் பூச்சு இல்ல, இவருக்குக் கண்ணாடிப் புஸ்தகம்." கொஞ்ச நேரம் கழித்து, "வாங்கிக்குங்க. மலையில போயி சொவத்தப் பாத்துக்கினு குந்தறதுக்கு அது மேலு" என்றாள்.

மகள் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தாள். அழகாகத்தான் இருந்தது. சட்டம் இல்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் வழவழவென்று ஒரே கண்ணாடி. அவள் கணக்கிலேயே புத்தகங்கள் ஏற்றியிருந்தாள். முதல் புத்தகத்தைத் திறந்து, எழுத்து அளவு வைத்து, மூன்றாம் பக்கம் வரை அவளே தள்ளிக் காட்டி என் கையில் வைத்தாள். அன்றைக்கு நான் வீட்டுப் படிக்கட்டுக்குக் கலவை போட்டுக்கொண்டிருந்தேன். கலவைக் கை பட்டுக் கீறிவிடுமோ என்று திரையைத் தொடவில்லை. "நல்லா இருக்குதும்மா" என்றேன். லீவு முடிந்து அவள் உளுந்தூர்பேட்டை போய் சென்னை பஸ் பிடித்தாள்.

திங்கட்கிழமை மலையில் உட்கார்ந்து விரலை வைத்தேன். நகரவில்லை. அழுத்தினேன். தேய்த்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தேன், கண்ணாடிதான் பிசுக்கு பிடித்தது. விரலை நனைத்து வைத்தால் எழுத்து திடீரென்று பூசணிக்காய் அளவு ஆனது. பக்கம் மாறவில்லை. எழுத்தைப் பழையபடி ஆக்க அரைமணி நேரம் போயிற்று.

சித்தாள் அம்மா ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு போனவள் நின்று பார்த்தாள்.

"இன்னா மேஸ்திரி, அதுக்கும் பூச்சு வேலயா? தேய்ச்சிக்கினே இருக்கீங்க."

"மட்டம் வரல" என்றேன்.

அவள் விரலுக்கு அது நகர்ந்திருக்கும். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஆளைக் கூப்பிட்டு யாராவது படிப்பார்களா?

ரேஷன் கடையில் எடுக்காத விரலை இதுவும் எடுக்கவில்லை. பாய் கடையில் இருந்தது எடுத்ததே, இது ஏன் எடுக்கவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. அது பழசு, என்னவும் எடுக்கும், இது நல்ல பொருள், கை சரியில்லை என்றுதான் நினைத்தேன். பொருள் விலை ஏறினால் குறை நம்மிடம்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு.

மகளிடம் சொல்லவில்லை. ஆசையாக வாங்கியது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் போன் செய்வாள்.

"எப்பிடிப்பா போவுது?"

"நல்லா போவுது."

"எது வரைக்கும் வந்த?"

"அந்தப் பொண்ணு கெணத்தாண்ட நிக்கிறா."

மூன்றாம் பக்கத்தில் ஒரு பெண் கிணற்றடியில் நிற்கிறாள். ராட்டினம் கிறீச்சிடுகிறது. யாரோ கூப்பிடுகிறார்கள். அத்தோடு பக்கம் முடிகிறது. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். யார் கூப்பிட்டார்கள் என்று மட்டும் தெரியாது. இரண்டாவது வாரம் ராட்டினத்தைப் பற்றிச் சொன்னேன்.

மூன்றாவது சனிக்கிழமை அவள் கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"அப்பா, அது மூணாவது பக்கத்துலயே நிக்குதே. உனக்குப் புடிக்கலயா?"

வீட்டில் இருக்கும் அம்மாவின் போனிலிருந்து அந்த மெஷினுக்கு நெட் கிடைக்கும்படி மகள் செய்து வைத்திருந்தாள். நான் மலையிலிருந்து வந்ததும், எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று அவள் போனில் தெரிந்துவிடும். எனக்கு அது தெரியாது.

"விரல் எடுக்கல" என்றேன்.

காலேஜ் படித்தபோது ரேஷன் கடைக்கு என்கூட வந்து எனக்குப் பதிலாக விரல் வைத்தவள் அவள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீ வாங்கிக் குடுத்தது."

"அதுக்கு? மூணு வாரமா மூணு பக்கத்த வெச்சிக்கினு எங்கிட்ட கத வுட்டியா?"

பின்னால் மனைவி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ரப்பர் முனை வைத்த பேனா ஒன்றை அனுப்பினாள். அதற்கு நகர்ந்தது. கிணற்றடியில் கூப்பிட்டது அண்ணன்காரன் என்று தெரிந்தது. புதன்கிழமைக்குள் மணல் பட்டு ரப்பர் கிழிந்துவிட்டது. மலையில் வேறு பேனாவுக்கு எங்கே போவது? அதைவிட, கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்திருந்தது. எங்கே வைப்பது, எதில் சுற்றுவது என்றே கவனம் இருந்தது. அப்படி இருந்தால் கதை உள்ளே இறங்காது.

சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பாய் கடைக்குப் போனேன். பழசு அலமாரியிலேயே கிடந்தது. மறுபடி தொட்டேன். நகர்ந்தது.

"பாய், புதுசு எடுக்காத விரல இது எப்பிடி எடுக்குது?"

"புதுசு தோலத் தேடும் மேஸ்திரி, உங்களுது தடிச்சிப்போனதால அதுக்குத் தெரியல. இதுல கண்ணாடிக்கு மேல வெளிச்சம் ஓடும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. குறுக்க எது வந்தாலும் எடுத்துக்கும். அதுக்குத்தான் இந்த சட்டம்."

எனக்குப் புரிந்தது. சுவர் கட்டும்போது நூல் கட்டுவோம். நூலில் எது இடித்தாலும் தெரியும். விரலாக இருக்கவேண்டியதில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்து வைத்தேன். பக்கம் மாறியது.

அதை வாங்கிக்கொண்டு, அங்கிருந்தே மகளுக்குப் போன் செய்தேன்.

"லைட்டு இல்லியேப்பா அதுல."

"பொழுது இருக்கறப்ப படிக்கறேன்."

"கண்ணு வலிக்காதா?"

"எழுத்து பெருசாத்தான் இருக்குது."

"மொதல்லயே நீ அதத்தான் கேட்ட" என்றாள். அடுத்த தடவை வந்தபோது பழசிலும் தன் கணக்கைப் போட்டு அதே புத்தகங்களை ஏற்றிக் கொடுத்துவிட்டு, பெரிசை எடுத்துக்கொண்டு போனாள். ஆபீஸ் போகும்போது ரயிலில் படிக்கிறாளாம்.

இப்போது வேலை முடிந்ததும் கை கழுவி, மேற்கு பார்த்த சுவரில் சாய்ந்து உட்காருகிறேன். நான் வைத்திருக்கிற எழுத்து அளவுக்கு ஒரு பக்கத்தில் ஏழு வரிதான் வருகிறது. ஏழு வரிக்கு ஒரு தடவை பென்சில். பொழுது போனால் மூடிவிடுவேன். சட்டத்தின் உள்மூலையில் மணல் சேரும். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுவேன். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் நான் நிற்கிற பக்கம் அவளுக்குப் போய்விடும். எது வரைக்கும் வந்த என்று இப்போது அவள் கேட்பதில்லை.

போன வாரம் மட்டும் கேட்டாள். "அப்பா, அந்தக் கெணத்தாண்ட நின்ன பொண்ணு, கடைசியில ஊரவுட்டுப் போயிடுவாளா?"

"நீயும் அதத்தான் படிக்கறியா?"

"ஆமாம். உனக்கு நாப்பது பக்கம் பின்னாடி வந்துக்கினு இருக்கேன்."

"அப்பன்னா நான் சொல்லமாட்டேன். படிச்சிக்கினு வா."