படையலில் வைத்த பேட்டரி

எங்க வூட்டுக்காரரு ஒரு படகு வாங்கினாரு. படகுன்னதும் பெருசா நெனைச்சுக்காதீங்க. மூடிப்போன ரிசார்ட் ஒண்ணுல வெயில்ல காய்ஞ்சுகினு கிடந்த ஃபைபர் படகு. நாலு பேர் உக்காரலாம். பின்னாடி ஒரு சின்ன மோட்டாரு, அதுக்கு ரெண்டு பேட்டரி. ஒரகடத்துல ஒரு கம்பெனியில சரக்கு தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டிங்களுக்கு சார்ஜ் போட்டுப் பார்த்துக்கிறது அவரு வேலை. அதனால படகை வாசல்ல இறக்கும்போதே, "பேட்டரி விஷயமெல்லாம் என்கிட்ட விட்டுடு"ன்னு மார் தட்டிக்கினாரு.

நான் விட்டு விளாசிட்டேன். சமையல் கட்டுல ஒழுகுது, அதைப் பார்க்க ஆளில்ல, மகராஜாவுக்குப் படகு கேக்குதான்னு. மனுஷன் பொறுமையா கேட்டுட்டு ஒண்ணு சொன்னாரு: "ஏரி நடுவுல போய் உக்காந்தா ஓ.டி.க்கு வான்னு கூப்பிட எவனும் நீந்தி வரமாட்டான்மா." அந்த ஒரு பேச்சுல என் கோவம் இறங்கிடுச்சு.

ஏன்னா எங்க குடித்தனம் அப்படி. எனக்கு வேற கம்பெனி, வேற ஷிப்ட்டு. என் பஸ் மண்ணூர் ரோட்டுல வந்து நிக்கும், எதிர்ப்பக்கம் அவரு பஸ் கிளம்பும். கையாட்டிப்போம். அவ்ளோதான் புருஷன் பொண்டாட்டி. ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவு கிடைச்சது விஜயதசமி அன்னைக்கு மட்டும்தான், அதை விட்டா பொங்கல். அன்னைக்குப் படகுல போறதுன்னு முடிவாச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. வெளிய காட்டிக்கல, காட்டினா தலைக்கு மேல ஏறிடுவாரு.

ஆயுத பூஜைக்கு எங்க கம்பெனியில லைன் ஓடுச்சு, எனக்கு வேலை; அவருக்கு லீவு. எங்க பக்கம் கம்பெனிங்கள்ல அந்த பூஜை எப்படின்னு தெரியுமில்ல? மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்னு, மாலை, சந்தனம். படகு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சுன்னு இவரு முந்தின நாள் சாயங்காலமே அதைச் சுத்தி சீரியல் லைட்டு கட்டி, ஸ்பீக்கர் பெட்டி வெச்சு சாமி பாட்டு போட்டுட்டாரு. கரண்டு எங்கேர்ந்து? படகு பேட்டரியிலிருந்தே! சொந்தக் கால்ல நிக்கணுமாம்.

நான் பூஜையன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்து பார்த்தா, லைட்டு மினுக் மினுக்குன்னு சாகக் கிடக்குது. பாட்டு இழுத்து இழுத்துப் பாடுது.

"ஏங்க, சார்ஜ் போடுங்க."

"சார்ஜரும் படையல்ல கீது. பேட்டரிக்கும் பொட்டு வெச்சாச்சு. காலையில வரைக்கும் தொடக் கூடாது."

"லைட்டையாவது அணைங்க!"

"அதுவும் படையல்தாம்மா."

ஊருக்கே சார்ஜ் போடற மனுஷன், பொட்டு வெச்சுட்டாருன்னதும் கண்ணெதிர்ல சாகிற பேட்டரியைக் கும்பிட்டுகினு நிக்கறாரு. எனக்கு வந்த கோவத்துக்கு சுண்டல் கூட இறங்கல.

விடிஞ்சது. சுவிட்சைப் போட்டாரு, மோட்டாரு அசையல. மீட்டர் வெச்சுப் பார்த்தா பன்னெண்டு வோல்ட்டு காட்ட வேண்டியது அஞ்சு கூட காட்டல. படையல்லேர்ந்து சார்ஜரை எடுத்து மாட்டினாரு. அது சிவப்பு லைட்டைச் சிமிட்டிட்டு கம்முனு ஆயிடுச்சு. பேட்டரி அடியோட இறங்கிப்போச்சுன்னா, இந்தக் காலத்து சார்ஜருக்கு எதிர்ல பேட்டரி இருக்கிறதே தெரியாதாம். மனுஷன் முகம் செத்துப்போச்சு. "பொங்கலுக்குப் பார்ப்போம்மா"ன்னாரு, என் முகத்தைப் பார்க்காமலே. பொங்கல்னு சொன்னதும் எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிகிச்சு. "யோவ், பொங்கல் வரைக்கும் நான் கையாட்டிகினே கிடக்கணுமா? ஏதாவது பண்ணுய்யா!"ன்னு கத்திட்டேன்.

அந்தக் கத்தல்ல அவருக்கு மூளை வேலை செஞ்சுது. பக்கத்து வூட்டு அண்ணன் மினி லோடு வண்டி வெச்சிருக்காரு. அந்த வண்டியோட நல்ல பேட்டரியை இதோட சேர்த்துக் கட்டினா சார்ஜர் ஏமாந்து வேலையை ஆரம்பிச்சிடும். கொஞ்ச நேரம் கழிச்சு அதைக் கழட்டிடலாம். ஓடினோம். அண்ணன் கையை விரிச்சுட்டாரு: "எலுமிச்சம்பழம் நசுக்காம வண்டியைத் தொட வுட மாட்டேன். நல்ல நேரம் பொறக்கட்டும்." சரின்னு மூணு பேரும் வண்டி முன்னாடி உக்காந்து நல்ல நேரத்துக்குக் காத்திருந்தோம். வேற வழி?

பழம் நசுங்கிச்சு. பேட்டரியைக் கழட்டி வந்து பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் கட்டினாரு. சார்ஜர்ல பச்சை லைட்டு எரிஞ்சதும் அண்ணன் விசிலடிச்சாரு. ரெண்டுல ஒரு பேட்டரி சூடேறி வயிறு உப்பிக்கினு வந்துச்சு, அதை ஓரங்கட்டிட்டாரு. இன்னொண்ணு பிழைச்சுது. மத்தியானம் தாண்டி மீட்டர் பன்னெண்டரை காட்டுச்சு. "பார்த்தியா, எழுந்துகினான்"னாரு. எழுந்துகினது சரி, நடப்பானான்னு எனக்கு சந்தேகம். நானும் இன்ஸ்பெக்ஷன்ல வேலை செய்றவ ஆச்சே. படகோட வந்த துடுப்பையும் எடுத்துக்கலாமான்னு கேட்டேன். "மோட்டார் இருக்கச்சொல்ல துடுப்பு எதுக்கு, அசிங்கம்!" அவரு அந்தப் பக்கம் போனதும் துடுப்பைப் படகுல போட்டு மேல பாயை விரிச்சுட்டேன்.

ஏரியில மீன் குத்தகை எடுத்தவர்கிட்ட முன்னமே சொல்லி வெச்சிருந்தோம். அண்ணன் தன் வண்டியில ஏத்தி வந்து படகை இறக்கி விட்டுட்டு குடும்பத்தோட வல்லக்கோட்டை கோயிலுக்குக் கிளம்பிட்டாரு. லைஃப் ஜாக்கெட் மாட்டிகினு உக்காந்தோம். மோட்டாரு சத்தமே இல்லாம இழுத்துச்சு. எனக்குச் சிரிப்பு தாங்கல, தண்ணியில கையை விட்டுகினே போனேன். சரியா ஏரி நடுவுல மோட்டாரு ஒரு முனகு முனகிட்டு நின்னுடுச்சு.

"மீட்டர் பன்னெண்டரை காட்டுச்சும்மா!" அழாத குறை அவருக்கு. "மேலாக்க ஏறின சார்ஜு போல கீது. உள்ள ஒண்ணுமில்ல." சாப்பாட்டுக்குக் கொண்டு வந்த குழம்பு கிண்ணத்து மூடியை வெச்சுத் தண்ணியைத் தள்ளிப் பார்த்தாரு. படகு இருந்த இடத்திலேயே ஒரு சுத்து சுத்துச்சு. "அண்ணனுக்கு ஃபோன் போடவா?"

"சாமி கும்பிடப் போனவரைக் கூப்பிடாதீங்க. டீ குடிங்க."

டீ குடிச்சோம். முறுக்கு தின்னோம். கல்யாணமான புதுசுல பேசினதெல்லாம் பேசினோம், சமையல் கட்டு ஒழுகறதும் பேசினோம். தூரத்துல ஏதோ கம்பெனி சங்கு ஊதுச்சு. ரெண்டு பேருக்கும் உடம்பு தானா எழப் பார்த்துச்சு, அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சோம். கொக்கெல்லாம் கூட்டுக்குத் திரும்ப ஆரம்பிச்சுது. இதுக்கு மேல இருந்தா இருட்டிடும்னு நான்தான் பேச்சை ஆரம்பிச்சேன்.

"ஏங்க, பாய்க்கு அடியில துடுப்பு கீது."

"தெரியும்."

"எப்போ பார்த்தீங்க?"

"நீ மொத டீ ஊத்தச்சொல்ல பாய் விலகிச்சு."

"அப்பவே எடுக்கறதுதானே?"

"நீ எடுக்கலியே"ன்னாரு.

நான் பாயை இழுத்துத் துடுப்பை நல்லா மூடிட்டு, ஃப்ளாஸ்க்குல மிச்சமிருந்த டீயை ஊத்தினேன்.