நாய்க்கு விழுந்த ஓட்டு

எங்கள் கம்பெனியில் பள்ளி நோட்டுப் புத்தகம் தயாரிக்கிறோம். உள்ளே கோடு போடுவது மெஷின். அட்டைக்குப் படம் போடுவது ஓவியர். அந்தப் படம் வெளியே போகலாமா வேண்டாமா என்று சொல்வது நான். நானாகச் சொல்வதில்லை, எண் சொல்லும், நான் எண்ணுகிறவள். பதினொரு வருடமாக எண்ணி எண்ணி, வீட்டில் மாடிப்படி ஏறும்போதுகூட வாய் தானாக முணுமுணுக்கிறது. என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அலுப்புதான் வருகிறது.

ஓவியருக்கு ஐம்பத்தாறு வயது. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைக் 'கணக்கு' என்பார். ஜன்னலோரம் அவர் மேஜை, தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மேஜை. பிரஷ் கழுவும் டம்ளரும் டீ டம்ளரும் அவரிடம் ஒரே மாதிரி இருக்கும். மாதத்துக்கு ஒரு தடவையாவது நீலத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "கேன்டீன் டீ இன்னிக்குப் பரவாயில்லையே" என்பார்.

மேனேஜரின் சட்டம், ஒரு அட்டைக்கு இரண்டு படம். இரண்டையும் பள்ளிகளுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளிடம் காட்டி, பிடித்ததற்கு டிக் போடச் சொல்வோம். ஜெயித்தது அச்சுக்குப் போகும். ஓவியர் இதற்குத் தனியாக ஒரு வழி வைத்திருந்தார். இரண்டில் ஒன்று அவர் மனசுக்குப் பிடித்தது. மற்றது தோற்பதற்கென்றே போட்டது; அதற்கு அவர் வைத்த பெயர் 'சோளக்கொல்லை பொம்மை'. எது எது என்று முடிவு வரும்வரை என்னிடம் சொல்ல மாட்டார்.

"சொன்னா உன் கை சாயும், கணக்கு."

சொல்லாவிட்டால் என்ன? பொம்மை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மனசுப் படத்துக்கு நாள் கணக்காக உட்காருவார். தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாலே போதும். ஒரு தடவைகூட நான் தப்பாக ஊகித்ததில்லை.

ஆனால் போகப்போக அவர் மனசுப் படங்களும் மாறிவிட்டன. பளபளப்புக்கு டிக் அதிகம் விழுகிறது என்று தெரிந்த பிறகு, எல்லாமே பளபளத்தன. போன வருடம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார்:

"ரொம்ப வருஷம் கழிச்சு இந்தத் தடவை ஒண்ணு நிஜமாவே உள்ளேயிருந்து வந்திருக்கு. இது தோத்துச்சுன்னா, இனிமே நான் உள்ளே கையே விடமாட்டேன். அவங்க கேக்கிறதைப் போட்டுட்டுப் போயிடுவேன். எனக்கும் முடியல, கணக்கு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் கையில் எடுத்த சாப்பாடு வாய்க்குப் போகாமல் நின்றது.

படங்கள் இரண்டு. ஒன்று, நட்சத்திரங்களுக்கு நடுவே சீறும் ராக்கெட். மூன்று வாரம் உழைத்தார், அழித்தார், திரும்பப் போட்டார். இன்னொன்று, மழையில் நிற்கும் பஸ்ஸுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு வெளியே பார்க்கும் ஒரு நனைந்த நாய். அதை ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். மூன்று வாரம் எங்கே, ஒரு மத்தியானம் எங்கே. எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். எண்ணினேன். நாய்க்கு இருநூற்று முப்பத்தொன்று, ராக்கெட்டுக்கு நூற்று எண்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். அதேதான். பொம்மையிடம் போய் மனுஷன் தோற்பதா? முடிவுத் தாளின் கட்டத்தில் இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதினேன். பதினொரு வருடத்தில் நான் செய்த ஒரே திருட்டுத்தனம் அதுதான். செய்துவிட்டு, ஏதோ புண்ணியம் கட்டிக்கொண்டவள் மாதிரி வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை முடிவை ஒட்டினார்கள். ஓவியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"நாய் தோத்துடுச்சா" என்றார்.

"ராக்கெட்தான் ஜெயிச்சிடுச்சேண்ணே! மூணு வாரம் உழைச்சீங்களே!"

"உள்ளே ஒண்ணுமே இல்லாததைப் போடத்தான் மூணு வாரம் ஆகும். நாய் அதுவா வந்துச்சு. விடு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள்; நான் கையில் கிடைத்த பிள்ளையாரையே குரங்காக்கியிருந்தேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ராக்கெட் அச்சுக்குப் போய்விட்டது, என் வேலை போய்விடும், இதெல்லாம் ஒரு காரணம். வெட்கம் இன்னொன்று. அவர் சொன்ன சொல் மாறாமல் ராக்கெட், பந்து, கார் என்று போட்டுத் தள்ளினார். குறித்த நாளுக்கு முன்பே முடித்தார். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம்: "நம்ம ஓவியர் இப்பதான் வேலையைப் புரிஞ்சுக்கிட்டார்!"

எட்டு மாதம் தாங்கினேன். அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை. ஒரு சாயங்காலம் எல்லோரும் போனபின் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். பிரஷைக் கீழே வைத்தார்.

"எவ்வளவுன்னு சொன்னே?"

"இருநூத்தி முப்பத்தொண்ணு."

"ஒரு சீட்டுல எழுதிக் குடு."

எழுதினேன். நாய், 231. ராக்கெட், 181.

"கையெழுத்துப் போடு."

அது மேனேஜர் கைக்குப் போனால் அன்றோடு நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போட்டேன், தேதியும் போட்டேன். எண் என்றாலே முகம் சுளிக்கிற மனுஷன், அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அண்ணே, அந்த மாதிரி இன்னொண்ணு போடுங்களேன். ஜெயிக்கும்."

"இப்ப சொல்றியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மேஜையில் பாதி முடிந்த ஒரு பந்தயக் கார் இருந்தது. பிரஷை எடுத்து, சிவப்பில் தோய்த்து, விட்ட இடத்திலிருந்து அதன் கதவைத் தீட்ட ஆரம்பித்தார்.