மெதுவாக வரையச் சொன்ன நாள்

ஒரு காலை, மகளின் சட்டைப் பொத்தானைப் போட என்னால் முடியவில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வந்த அசதி என்று நினைத்தேன். பிறகு விரல்கள் வீங்கின. வெயில் ஏறும்வரை மடங்கவில்லை.

வைத்தியர் முடக்குவாதம் என்றார் (உடலின் பாதுகாப்பு அமைப்பே மூட்டுகளைத் தாக்கும் நோய்). மாத்திரை வாரத்துக்கு ஒருமுறைதான்.

"கெதியா சுகம் வருமா, டொக்டர்?"

"வராது. மாதக்கணக்கில போகும். அவசரப்பட்டு ஒவ்வொருநாளும் குடிச்சிராதீங்க."

அந்த மருந்துக்காக மகளுக்குப் பால் மறக்கடித்தேன். அப்போதே செய்திருக்க வேண்டுமா, கொஞ்சம் பொறுத்திருக்கலாமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

காத்தான்குடிப் புடவைக் கடைகளுக்குக் கணினியில் விளம்பரம் செய்துகொடுத்த வேலை நின்றது. கையைப் பழக்குவதற்காக, நீளமான தாளில் மீன்வலை ஒன்றை வரையத் தொடங்கினேன். வலையின் ஒரு கண் வரைந்ததும் விரல் வலிக்கும். பேனாவை வைத்துவிடுவேன். மாமியார் எட்டிப் பார்த்தார்.

"இதால ஒரு மீனும் புடிபடாது புள்ள."

என்னோடு ஓவியம் படித்த ரமணி வேறு மாதிரிச் சொன்னாள். எவ்வளவு செய்து முடித்தாய் என்று மட்டுமே கேட்கும் காலத்துக்கு இந்த மெதுமை ஓர் எதிர்ப்பு என்றாள். தான் நடத்தும் கண்காட்சியில் ஆட்கள் முன் அமர்ந்து வரையக் கேட்டாள். நான் எதையும் எதிர்க்கவில்லை. வேகமாக வரைய எனக்கு ஏலவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் என்னைச் சோம்பேறி என்று நினைக்காத ஒருத்தி கிடைத்தாள். சம்மதித்தேன்.

கண்காட்சி நாள் வருவதற்குள் மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது. மண்டபத்தில் பேனா தானாக ஓடியது. ரமணி என் காதருகே குனிந்தாள்.

"கொஞ்சம் மெதுவா போடடி. தாள் முடியப்போகுது."

"கை சுகமாகுது, ரமணி."

"சந்தோசம்தான். ஆனா சுவரில மெதுமை எண்டெல்லோ எழுதி வெச்சிரிக்கன்."

இருவரும் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெதுவாக்கிப் பார்த்தேன், கோடு நடித்தது. நோய் போனால் இந்த ஓவியமும் போய்விடுமா? இந்த மருந்துக்காக மகளின் பாலை நிறுத்திவிட்டு, சுகம் வருவதற்குக் கவலைப்படுகிற நான் என்ன தாய்?

வந்த வேகத்திலேயே வரைந்தேன். மத்தியானத்துக்குள் தாள் நிறைந்துவிட்டது. எழும்பிப் போகவும் தோன்றவில்லை.

பார்க்க வந்த ஒரு பெண் கேட்டார்: "முடிஞ்சிதா தங்கச்சி?"

"ஓம் அக்கா."

"அப்ப ஏன் இரிக்கிறீங்க?"

"தெரியா."

அவரும் பக்கத்தில் அமர்ந்துகொண்டார்.

உங்களுக்கும் இந்த நோய் என்றால், சொல்வதற்கு என்னிடம் அதிகம் இல்லை. சுகம் வரும், சுகமான கையோடு பழகவும் நாளெடுக்கும். அந்தப் பின்னேரம் என் கைகள் மடியில் கிடந்தன. வலியும் இல்லை, வேலையும் இல்லை. யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லித் தந்துவிட்டுப் போனவை போல அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.