கயிறு பிடிக்காத மச்சான்

அந்த ருஷ்ய இயக்குநரின் படத்தை முதலில் பார்த்தபோது தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் சென்னையிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்தார். டியூஷன் சென்டர் மாடியில் ஏழு பேர் உட்கார்ந்தோம். அரைமணி நேரத்தில் நான்கு பேர் மக்ரூனைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள், ஐந்தாவது ஆள் குறட்டை விட்டார். நான் அழுதேன். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. அந்த இயக்குநரின் நாட்டு அரசாங்கம் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அவரை வருடக்கணக்கில் காக்கவைத்ததும், எடுத்த படத்தை வெளியே விடாமல் அமுக்கியதும், கடைசியில் அவர் நாட்டைவிட்டுப் போய், திரும்பாமலே நோயில் செத்ததும் எனக்கு மனப்பாடம். அவர் எடுத்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் ஊருக்கு ஊர் என்னைப்போல ஒரு பக்தன் இருப்பான். அவரிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: ஷாட்டை வெட்டாதே, காமிராவை வைத்துவிட்டுப் பொறு, காலம் ஓடுவதைப் பார். மனசாட்சியைப் பற்றியும் அந்த மனிதர் நிறையப் பேசியிருக்கிறார். அது எங்கள் காதில் ஏறவில்லை.

என் அக்காவைக் கீழவைப்பாரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் சங்கு குளிக்கிறவர். கம்ப்ரசர் காற்றைக் குழாய் வழியாக வாயில் வாங்கிக்கொண்டு கடலடியில் நடந்து சங்கு பொறுக்குவார். இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். வள்ளத்தில் இருந்து அந்தக் கயிற்றைப் பிடிக்கவேண்டியவன் மச்சான், அதாவது பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். முத்துக் குளித்த காலத்திலிருந்து எங்கள் கடற்கரையில் இதுதான் வழக்கம். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. லீவு போட்டுப் போகும் நாட்களில் நான்தான் பிடிப்பேன்.

அத்தானை வைத்து ஒரு படம் எடுக்க ஆரம்பித்தேன். அதில் ஒன்பது நிமிட ஷாட் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. தண்ணீருக்குள் இறங்கும் கயிறு, வேறு எதுவும் கிடையாது. என் கை ஃபிரேமுக்குள் வரக்கூடாது என்று கயிற்றை வள்ளத்தின் விளிம்பில் கட்டிவிட்டுக் காமிராவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கம்ப்ரசர் பார்க்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது நிமிடத்தில் கயிறு மூன்று தடவை வெட்டி இழுத்தது. மூன்று இழுப்பு என்றால் தூக்கு என்று அர்த்தம். எத்தனையோ தடவை அதைப் பார்த்ததும் நான் தூக்கியிருக்கிறேன். அன்றைக்குக் காமிராவில் பார்த்தபோது கயிற்றிலிருந்து நீர்த்துளிகள் தெறித்து வெயிலில் மின்னின. அடடா, கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். காமிரா ஆடக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கீழே குழாய் மடங்கி அத்தானுக்கு மூச்சே இல்லை.

உடனே தூக்கியிருந்தால் நிறுத்தி நிறுத்தி ஏற்றியிருக்கலாம். மூச்சு தீரும்வரை காத்துப் பார்த்துவிட்டு, இழுப்பார் யாருமில்லாமல் அவராகவே விறுவிறுவென்று மேலே வந்தார். ஆழத்திலிருந்து அப்படி வந்தால் உடம்பு முடங்கிப்போகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் இல்லாமல் போயிற்று.

அவர் கயிற்றை இழுத்தாரா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா கேட்டாள். கயிறு அசையவே இல்லை என்றேன்.

அந்த ஒரு பொய் போதுமானதாக இருந்தது. அத்தான் பயந்துபோய்ச் சமிக்ஞை கொடுக்காமல் ஏறிவிட்டார் என்று ஊர் பேசியது. இருபது வருடம் குளித்தவருக்கு இது சாவைவிடக் கேவலம். இழுத்த ஞாபகம் இருக்கிறது என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். நாளாக நாளாக அவருக்கே சந்தேகம் வந்து, கேட்கிறவர்களிடம் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். எல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

படத்தை மட்டும் முடித்தேன். அந்த ஷாட்டைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. இதையெல்லாம் வீட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். வெளியூர் விழா ஒன்றில் திரையிட்டார்கள். அந்த ருஷ்யரின் வாரிசு என்று என்னை ஒருவர் எழுதினார். வெட்கமில்லாமல் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பினேன். விழாக்காரர்கள் அந்த ஷாட்டை இணையத்தில் போட்டார்கள். சுற்றிச் சுற்றி அது கட்டிலில் கிடந்த அத்தானின் செல்போனுக்கும் வந்தது.

கூப்பிட்டனுப்பினார். அறைபடத் தயாராகத்தான் போனேன். அவர் போனை என் பக்கம் திருப்பி, கயிறு வெட்டி இழுக்கும் இடத்தை ஓடவிட்டார். மறுபடியும் ஓடவிட்டார்.

“மூணு தடவ இழுத்திருக்கேன் மச்சான்,” என்றார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர். “நான் பயந்து ஏறல. நல்லவேள, நீ எடுத்து வச்சிருக்க.”

பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏளா, இங்கன வா. வந்து பாரு.”

அக்கா ஈரக்கையோடு வந்து போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அத்தான் பேசுகிறார், அடுத்த படம் எப்போது என்று கேட்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.